தேநீரில் பிஸ்கட் தோய்ப்பது: எது தாங்கும், எத்தனை வினாடி, யார் முன்னால் செய்யலாம்?

ரெடிங்வாசி – பதிவு 1

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் ரெடிங் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளராக இருக்கிறேன். வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. மாலை மூன்று மணிக்குத் தேநீர் வண்டியைத் தள்ளிக்கொண்டு அறை அறையாகப் போவது என் வேலைகளில் ஒன்று. யார் பால் விடாமல் குடிப்பார், யாருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்பதெல்லாம் இப்போது மனப்பாடம். பிஸ்கட் விஷயத்தில்தான் இன்னும் தடுமாறுகிறேன்.

எங்கள் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். இளம் வயதில் இதே ஊரின் பழைய பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்தவர். இப்போது கை நடுக்கம் அதிகம். ஜிஞ்சர் நட் என்னும் இஞ்சி பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்துத் தரும்படி கேட்பார். போன வாரம் தோய்த்து எடுத்தேன். கோப்பைக்கும் அவர் வாய்க்கும் நடுவில் பாதி பிஸ்கட் கழன்று அவர் மடியில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அடுத்த பிஸ்கட்டோடு என் கையைக் கோப்பைக்குள் இறக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு உயர்த்தினார். உடையவில்லை.

அன்றிலிருந்து இது மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. எந்த பிஸ்கட்டுக்கு எவ்வளவு நேரம்? ஏன் ஒன்று தாங்குகிறது, ஒன்று கரைந்து போகிறது? இன்னொன்றும் கேட்க வேண்டும். உடன் வேலை செய்யும் மூத்தவர் ஒருவர், விருந்தினர் முன்னால் தோய்த்துத் தருவது மரியாதை இல்லை என்றார். அது உண்மையா?

பொருநைக்கரை – பதிவு 2

தங்கைக்கு வணக்கம். லெஸ்டரில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். மரியாதை பற்றிக் கேட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்த நாட்டில் தேநீருக்கு இரண்டு முகங்கள். ஒன்று பெரிய விடுதிகளில் மூன்றடுக்குத் தட்டில் சான்ட்விச், ஸ்கோன், கேக் என்று வைத்துத் தரும் பிற்பகல் தேநீர். 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா தொடங்கி வைத்த வழக்கம் என்பார்கள். அங்கே யாரும் எதையும் தோய்ப்பதில்லை. மற்றொன்று வீட்டிலும் தொழிற்கூடத்திலும் அலுவலகத்திலும் தடித்த குவளையில் குடிக்கும் தேநீர். "கெட்டில் போடுகிறேன், யாருக்கு வேண்டும்?" என்று ஒருவர் எழுந்தால் எல்லோருக்கும் சேர்த்துப் போட்டு வர வேண்டும். பிஸ்கட் டின் கைமாறி வரும். முதல் பிஸ்கட்டை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதுக்கு "இன்னொன்று எடுங்களேன்" என்று ஒரு சொல் வர வேண்டும். இந்த இரண்டாம் வகைத் தேநீரில் தோய்ப்பது முழு உரிமை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எட்டு மாதம் அலுவலகத்தில் பிஸ்கட்டை உலர்வாகவே தின்றேன். தோய்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். ஒரு நாள் மேலாளரே எதிரில் உட்கார்ந்து, பேச்சை நிறுத்தாமல், டைஜெஸ்டிவ் பிஸ்கட்டை முக்கி எடுத்தார். அன்றுதான் அந்த அலுவலகத்தில் எனக்கும் ஒரு நாற்காலி இருப்பதாக உணர்ந்தேன். ஆகவே உங்கள் மூத்தவர் சொன்னது விருந்து மேசைக்குப் பொருந்தும். பாட்டியின் அறைக்குப் பொருந்தாது.

எது தாங்கும் என்றால், என் வாக்கு ஹாப்னாப்புக்கு. 1985இல் வந்த ஓட்ஸ் பிஸ்கட். ரிச் டீ என்ற பிஸ்கட்டின் பக்கம் போகவே போகாதீர்கள், மெல்லியது, தொட்டதும் போய்விடும்.

சாய்சதுரம் – பதிவு 3

மான்செஸ்டரில் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். பத்தாண்டுகளாக ஒவ்வொரு வகுப்பிலும் இந்தப் பாடத்தைப் பிஸ்கட்டை வைத்தே நடத்துவதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிஸ்கட்டை உடைத்து அதன் விளிம்பை உற்றுப் பாருங்கள். நுண்ணிய துளைகளும் பிளவுகளும் தெரியும். வேகும்போது நீராவி வெளியேறிய வழிகள் அவை. மாவுச்சத்துத் துகள்களைச் சர்க்கரையும் கொழுப்பும் ஒட்டிப் பிடித்திருக்கின்றன. சூடான தேநீர் அந்தத் துளைகளுக்குள், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, தானாக இழுக்கப்படுகிறது. உள்ளே போனதும் இரண்டு வேலை நடக்கிறது. மாவுச்சத்து ஊறி மென்மையாகிறது. அதுதான் நமக்கு வேண்டிய பதம். கூடவே ஒட்டிப் பிடித்திருந்த சர்க்கரை கரைந்து கொழுப்பும் இளகுகிறது, அதனால்தான் உடைகிறது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இருந்த இயற்பியலாளர் லென் ஃபிஷர் இதை எடுத்துக்கொண்டு முறையாக ஆராய்ந்தார். துளைகள் நிறைந்த பொருளுக்குள் திரவம் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு 1921இல் வாஷ்பர்ன் தந்த சமன்பாடு பிஸ்கட்டுக்கும் பொருந்துகிறது என்று காட்டினார். 1999இல் நேச்சர் இதழில் அவர் கட்டுரை வந்தது. அதே ஆண்டு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசும் கிடைத்தது. தேநீர்க் கெண்டியின் மூக்கில் சொட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கணக்கிட்டவர்களுக்கும் அந்த ஆண்டு இயற்பியல் பரிசில் பங்கு உண்டு.

சமன்பாட்டின் சாரம் எளிது. திரவம் போகும் தூரத்தின் வர்க்கம் நேரத்துக்கு நேர்விகிதம். அதாவது இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் ஆகும். இதைப் பாட்டியின் கோப்பைக்குக் கொண்டுவருவோம். பிஸ்கட்டைச் செங்குத்தாக இறக்கினால் தேநீர் இரண்டு முகங்களிலிருந்தும் நுழைகிறது. ஒவ்வொரு பக்கமும் பாதித் தடிமன் கடந்தால் போதும், முழுதும் நனைந்துவிடும். கிடையாக வைத்து அடிமுகத்தை மட்டும் நனைத்தால் முழுத் தடிமனையும் ஒரே பக்கத்திலிருந்து கடக்க வேண்டும். தூரம் இரு மடங்கு என்பதால் நேரம் நான்கு மடங்கு. அந்த நேரம் முழுவதும் உலர்ந்த மேல்முகம் உத்தரம்போல் நனைந்த பகுதியைத் தாங்கிக்கொண்டிருக்கும். எடுத்த பிறகு நனைந்த பக்கம் மேலே வரும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். சாக்லேட் பூசிய டைஜெஸ்டிவ் என்றால் சாக்லேட் இல்லாத முகத்தை நனையுங்கள்.

பெரும்பாலான பிஸ்கட்டுகளுக்கு 3.5 முதல் 5 வினாடி என்பது ஃபிஷர் சொன்ன கணக்கு. அது பொதுவான அளவுதான். தேநீரின் சூடு, பிஸ்கட்டின் தடிமன், டின்னைத் திறந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்து மாறும். பாட்டி மூன்று எண்ணியது ஜிஞ்சர் நட்டுக்குச் சரியாகவே இருக்கும். அதில் சர்க்கரை அதிகம். கல்போல இருக்கும், கரையத் தொடங்கினால் சட்டென்று விட்டுவிடும். வெல்லப்பாகு மாதிரிதான், ஒரு கண்ணிமைப்பில் பதம் தப்பிவிடும்.

பொருநைக்கரை ஐயாவோடு ஓரிடத்தில் மட்டும் முரண்படுகிறேன். ரிச் டீயை அவ்வளவு எளிதாக ஒதுக்காதீர்கள். அதன் மாவை நீண்ட நேரம் பிசைகிறார்கள், கொழுப்பும் குறைவு. அதனால் கோதுமையின் பசைப்புரதம் வலைபோலப் பின்னிக்கொள்கிறது. சர்க்கரை கரைந்த பிறகும் அந்த வலை இருக்கும். நம் மேரி பிஸ்கட்டும் அதே இனம்தான். ஹாப்னாப்பில் கொழுப்பு மிகுதி, வலை கிடையாது. பிடி தளர்ந்தால் பொலபொலவென்று அடியில் போய்ச் சேரும்.

மாசிப்பனி – பதிவு 4

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். நான் ஒருமுறையும் தோய்த்ததில்லை, தோய்க்கவும் மாட்டேன். தேநீர் தெளிவாக இருக்க வேண்டும். இலையின் மணத்துக்காகத்தான் குடிக்கிறோம். பிஸ்கட்டை முக்கினால் மேலே எண்ணெய் மினுமினுக்கிறது, அடியில் சேறுபோலப் படிகிறது. கடைசி மிடறு வாய்க்குள் வந்ததும் குமட்டும். பிஸ்கட் செய்தவர் மொறுமொறுப்புக்காக அத்தனை பாடுபட்டு வேகவைக்கிறார். அதை நொடியில் கூழாக்குவது பண்டத்துக்குச் செய்யும் அவமதிப்பு. விக்டோரியா காலத்து நல்ல வீடுகளில் இதை அனுமதித்திருக்க மாட்டார்கள். பிற்காலத்து அவசரத்தில் வந்த பழக்கம் இது என்பது என் எண்ணம்.

பழைய டின் – பதிவு 5

மாசிப்பனி அவர்களே, மேசை நாகரிகம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் தோய்ப்பது பிற்காலத்தில் வந்தது என்பதை ஏற்க முடியவில்லை. தோய்க்கும் வழக்கம் தேநீரைவிட மூத்தது. பழைய பிஸ்கட் டின்களைச் சேர்ப்பவன் என்பதால் இதில் எனக்குத் தனிப் பற்று உண்டு.

பிஸ்கட் என்ற சொல்லுக்கே லத்தீனில் இருமுறை வெந்தது என்று பொருள். ஈரத்தை முழுக்க விரட்டுவதற்காக வேகவைத்த பண்டம். பிரித்தானியக் கடற்படை மாலுமிக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது ஏறக்குறைய 450 கிராம் பிஸ்கட் படியாகக் கொடுக்கப்பட்டது. வெறும் மாவும் தண்ணீரும். பல்லால் கடித்தால் பல்தான் போகும். மேசையில் தட்டிப் புழுவை உதிர்த்துவிட்டு, கஞ்சியிலோ பீரிலோ ஊறவைத்துத்தான் தின்றார்கள். மாதக்கணக்கில் கெடாமல் இருக்க ஈரத்தை எடுத்தார்கள். உண்ணும் நேரத்தில் அந்த ஈரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பிஸ்கட்டின் பிறவியே தாகத்தோடுதான்.

நான் சொல்வதற்கு ஒரு தீர்ப்பே சாட்சி. 1927இல் அறிமுகமான ஜாஃபா கேக் என்ற பண்டம் கேக்கா பிஸ்கட்டா என்ற வழக்கு 1991இல் வரித் தீர்ப்பாயத்துக்குப் போனது. சாக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு மதிப்புக் கூட்டு வரி உண்டு, கேக்குக்கு இல்லை. தீர்ப்பாயம் கவனித்த பல அம்சங்களில் ஒன்று இது: பழசானால் கேக் இறுகும், பிஸ்கட் நமத்துப்போகும். ஜாஃபா கேக் இறுகியது. ஆகவே கேக் என்று தீர்ந்தது. திறந்து வைத்த பிஸ்கட் காற்றிலிருக்கும் ஈரத்தைக்கூட விடாமல் குடிக்கிறது. கோப்பையில் இறக்கினால் அது விரும்பியதைத்தான் செய்கிறோம்.

இனி ரெடிங்வாசிக்காக. நீங்கள் குடியிருக்கும் ஊர் சாதாரண ஊர் இல்லை. 1822இல் ஜோசப் ஹன்ட்லி அங்கே லண்டன் தெருவில் ஒரு சிறிய பிஸ்கட் கடை திறந்தார். எதிரில் குதிரை வண்டிகள் நிற்கும் சத்திரம். பயணிகள் வாங்கிய பிஸ்கட் வழியில் நொறுங்காமல் இருக்கத் தகர டின்னில் போட்டுக் கொடுத்தார்கள். 1841இல் ஜார்ஜ் பால்மர் கூட்டாளியாகச் சேர்ந்தார். ஹன்ட்லி அண்ட் பால்மர்ஸ் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1900 வாக்கில் அந்தத் தொழிற்சாலையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். ஊர்க் கால்பந்து அணிக்கே அந்தக் காலத்தில் "பிஸ்கட்காரர்கள்" என்றுதான் பட்டப்பெயர் இருந்தது. ரெடிங்கில் உற்பத்தி 1976இல் நின்றுபோனது. நகர அருங்காட்சியகத்தில் அந்த டின்களுக்கென்று ஒரு தனிக்கூடம் இருக்கிறது. புத்தக அடுக்கு வடிவில் ஒரு டின் உண்டு, தொட்டுப் பார்த்தால்தான் தகரம் என்று தெரியும். பாட்டியை ஒரு நாள் சக்கர நாற்காலியில் அங்கே அழைத்துப் போக முடியுமா பாருங்கள்.

மேரி பிஸ்கட் பற்றி ஒரு வார்த்தை. லண்டன் பெர்மண்ட்சியில் இருந்த பீக் ஃப்ரீன்ஸ் நிறுவனம் 1874இல், ரஷ்ய இளவரசி மரியா எடின்பரோ கோமகனை மணந்ததைக் கொண்டாடச் செய்தது அது. அதே நிறுவனம் 1924இல் கல்கத்தாவின் பிரிட்டானியாவில் பெரும் பங்கு வாங்கியது. காய்ச்சலில் படுத்தபோது அம்மா பாலில் தோய்த்து ஊட்டிய பிஸ்கட்டுக்குப் பின்னால் ஒரு ரஷ்யத் திருமணம் இருக்கிறது என்று அறிந்த நாளில், வெகுநேரம் அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசிப்பனி – பதிவு 6

கப்பல் பிஸ்கட் பற்றிய செய்தி எனக்குப் புதிது, நன்றி. பழக்கம் பழையது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கோப்பையின் அடியில் படிவதை ஏற்க மாட்டேன்.

இரவுப்பணி – பதிவு 7

நான் செவிலி. பேச்சு வேறு பக்கம் போய்விட்டதால் ரெடிங்வாசியின் கவனத்துக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்.

தங்கச்சி, கை நடுக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். நடுக்கத்துக்குக் காரணமான சில நோய்களில் விழுங்குவதும் தடைப்படும். பாட்டி தேநீர் குடித்ததும் இருமுகிறாரா? குரல் ஈரமாக, கரகரப்பாக மாறுகிறதா? வாயில் உணவை அடக்கி வைக்கிறாரா? இதில் ஒன்றைக் கண்டாலும் பிஸ்கட்டை நிறுத்திவிட்டுப் பொறுப்புச் செவிலியிடம் உடனே சொல்லுங்கள். பேச்சு, விழுங்குதல் சிகிச்சையாளர் வந்து மதிப்பிடுவார். உணவு, பானங்களின் பதத்தை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பாட்டிக்கு எந்த நிலை என்று அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

அரைகுறையாக நனைந்த பிஸ்கட்தான் ஆபத்து. ஒரே வாயில் நீரும் கெட்டியும் உதிரியும் சேர்ந்து வரும். தொண்டை எதற்குத் தயாராவது என்று தெரியாமல் தடுமாறும். கொடுக்கலாம் என்று அனுமதி கிடைத்த பிறகும், நிமிர்த்தி உட்கார வைத்து, சிறு துண்டாக, ஒரு வாய் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அனுமதி கிடைத்தால் கட்டாயம் கொடுங்கள். சாப்பாட்டையே ஒதுக்கிய எத்தனையோ முதியவர்கள் தோய்த்த பிஸ்கட்டுக்கு வாய் திறந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அட்டன்காரி – பதிவு 8

பிஸ்கட்டைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், கோப்பையில் இருப்பதைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் இலங்கை மலையகத்தில் பிறந்தவள். இப்போது குரோய்டனில் இருக்கிறேன். கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1873இல் அங்கிருந்து 23 ராத்தல் தேயிலை லண்டனுக்கு வந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து போன எங்கள் முன்னோர்தான் மலையைத் திருத்தினார்கள், கொழுந்து பறித்தார்கள். லண்டன் தேயிலை ஏலம் 1998 வரை நடந்தது. ஏலத்துக்குப் போன இலையை என் அம்மம்மா ருசித்ததே இல்லை. லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எங்களுக்குக் கிடைத்தது தூள். அதைக் கொதிக்கவைத்து, சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிப்போம். பிஸ்கட் என்பது தீபாவளிக்கு.

இங்கே வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரத் தோழி தன் வீட்டில் தேநீரும் டைஜெஸ்டிவும் வைத்தாள். டப்பாவில் சிலோன் என்று எழுதியிருந்தது. அவள் தோய்த்தாள், நானும் தோய்த்தேன். அம்மம்மாவின் விரல் நுனிகள் நினைவுக்கு வந்தன. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, வெடித்து, மஞ்சள் பூசினாலும் போகாத கறுப்பு. அதைத் தோழியிடம் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள்.

மாசிப்பனி அக்கா சொன்னதில் எனக்கு உடன்பாடு உண்டு. நல்ல இலையாக இருந்தால் முதல் பாதியை வெறுமனே குடித்துவிட்டு, மீதியில் தோய்க்கலாம்.

பொருநைக்கரை – பதிவு 9

அட்டன்காரி அம்மாவின் பதிவை வீட்டில் உரக்கப் படித்தேன். என் மகள் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

சாய்சதுரம் சொன்னதைச் சோதித்தும் பார்த்தேன். ஒரே கெட்டில் தண்ணீர், ஒரே மாதிரி இரண்டு குவளை, ஒன்றில் ரிச் டீ, மற்றதில் ஹாப்னாப். ஹாப்னாப் முதலில் விழுந்தது. ரிச் டீ வளைந்தது, துவண்டது, ஆனால் விடவில்லை. இருபது ஆண்டாக நம்பியது பொய்யாகிவிட்டது. இருந்தாலும் ருசியில் ஹாப்னாப்தான்.

இன்னொரு கேள்வி. இதுவரை தோய்ப்பது, நனைப்பது, முக்குவது என்று ஆளுக்கொரு சொல் போட்டிருக்கிறோம். எது சரி?

பழைய டின் – பதிவு 10

என் காதுக்கு மூன்றும் மூன்று செயல். முக்குவது என்றால் உள்ளே அழுத்தி எடுப்பது, நேரம் குறைவு. நனைப்பது தற்செயலாகவும் நடக்கலாம், மழையில் நனைவது போல. தோய்ப்பதில்தான் காத்திருப்பு இருக்கிறது. பால் தயிராகத் தோய்வதும், சாயத்தில் துணி தோய்வதும் நேரம் எடுத்து உள்ளே இறங்கும் காரியங்கள். பாட்டி மூன்று எண்ணினாரே, அது தோய்ப்பது.

ரெடிங்வாசி – பதிவு 11

தாமதத்துக்கு மன்னியுங்கள். இரவுப்பணி அக்கா எழுதியதைப் படித்ததும் மறுநாளே பொறுப்புச் செவிலியிடம் சொன்னேன். கோப்பில் இருந்த மதிப்பீடு பழையது. சிகிச்சையாளர் வந்து பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்து, நன்றாக ஊறிய சிறு துண்டுகளாகக் கொடுக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கிடையாகத் தோய்க்கும் முறையைப் பாட்டியிடம் செய்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொழிற்சாலையில் எல்லோரும் அப்படித்தான் தோய்ப்போம் என்றார். இடைவேளை குறைவாம். ஒரு கையில் கோப்பை, பிஸ்கட்டைத் தேநீரின் மேல் படகுபோலக் கிடத்தி, விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பேசுவார்களாம். அப்படியானால் அன்று ஏன் என் கையைச் செங்குத்தாக இறக்கினீர்கள் என்று கேட்டேன். இந்த இல்லத்துக் குவளைக்கு வாய் சிறிது, வேறு வழியில்லை என்றார். அளந்து பார்த்தேன். டைஜெஸ்டிவ் உள்ளே போகிறது, பிடித்திருக்கும் விரல்களுக்கு இடமில்லை.

சாய்சதுரம் – பதிவு 12

நான் இத்தனை ஆண்டு வகுப்பில் அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் செய்து காட்டியதால் இது உறைக்கவே இல்லை. இரண்டு வழி உண்டு. பிஸ்கட்டைப் பாதியாக உடைத்துக்கொள்ளலாம். அல்லது சாசரோடு வரும் பழைய வகை அகன்ற கோப்பை வாங்கலாம். அதில் தேநீர் சீக்கிரம் ஆறும், ஆகவே எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். நன்றாக ஊறிய துண்டுதான் வேண்டும் என்று சிகிச்சையாளர் எழுதியிருப்பதால், ஜிஞ்சர் நட்டைச் சிறு துண்டாக உடைத்து, கரண்டியில் வைத்து இறக்குங்கள். கரண்டி தாங்கும்போது உடைவதைப் பற்றிக் கவலையில்லை.

ரெடிங்வாசி – பதிவு 13

தொண்டு நிறுவனக் கடையில் ஒரு பவுண்டுக்கு அகன்ற வாய்க் கோப்பை ஒன்று கிடைத்தது. வெள்ளை, ஓரத்தில் நீலக் கோடு, கைப்பிடியில் மயிரிழை விரிசல்கூட இல்லை. கழுவிக் காயவைத்திருக்கிறேன். நாளை மூன்று மணிக்குக் கரண்டியோடு போகிறேன். எண்ணுவது பாட்டிதான்.